ஜங்ஷனில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் இடியப்பம், சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, அவித்த முட்டை, ஒரு வெள்ளைக்காரப் பொடியன்.

பொடியனின் பெயர் ரீஸ். எங்கள் ஒரே மகள் ஆரணி, "அம்மா, ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிக் கூட்டிவந்தவள். அந்த 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லை அவள் இழுத்த இழுப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதனால்தான் முட்டையும் அவித்தேன்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லாமலே கழற்றினான். அதற்கு ஒரு புள்ளி கொடுத்தேன். ஆனால் இடது காலில் பெருவிரல் சொக்சைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. இவர் முதலில் பார்த்தது அந்த விரலைத்தான்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், லிங்கம். ஓக்லாந்தில், மங்கரே விமான நிலையத்துக் கார்கோ பக்கம் வேலை. வருகிற பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது. மேலே ஒட்டியிருக்கிற லேபிளை நம்பி எந்தப் பெட்டியையும் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்து பல வருடமாகிவிட்டது.

"எந்த ஊர்?" என்று இவர் இங்கிலீசில் தொடங்கினார்.

"ஹென்டர்சன்."

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த ஊர்?"

"வெலிங்டனில் வளர்ந்தேன். அம்மா இன்னும் அங்கேதான். நர்ஸாக இருக்கிறார். அப்பா இல்லை."

"சரி. அதுக்கு முதல்?"

ஆரணி மேசைக்கு அடியில் ஒரு உதை விட்டாள். அவருக்கு விட்ட உதை எனக்கு விழுந்தது. அவள் கோபப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. நியூசிலாந்துக்கு வந்த நாள் முதல் 'நீ எங்கே இருந்து வந்தாய்? இல்லை, உண்மையில் எங்கே இருந்து?' என்று கேட்டவர்களை எல்லாம் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தவர் இதே மனிதர்.

ரீசுக்கு ஒன்றும் கோபம் வரவில்லை. "வேல்ஸில் ஒரு சின்ன ஊர். சின்ன வயதில் வந்துவிட்டேன். இரண்டு ரயில் பாதை சந்திக்கிற ஜங்ஷன். அதைத் தவிர அங்கே சொல்ல ஒன்றும் இல்லை" என்று சிரித்தான்.

இவர் இடியப்பத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஜங்ஷனோ?" என்றார்.

லேபிளை நம்பாதவர்

அன்று இரவு பாத்திரம் கழுவுகிற நேரத்தில் தொடங்கியது.

"இஞ்சேரும், ஜங்ஷன் எண்டு ஒரு ஊர் இருக்குமோ? கோயில் வேணும். ஒரு குளம் வேணும். நாலு பழைய குடும்பம் வேணும். ஜங்ஷன் எண்டா ரயில் ஏற நிக்கிற இடமெல்லே?"

"ரயில் ஏற நிண்டவை சிலபேர் ஏறாமல் நிண்டிட்டினமாக்கும்" என்றேன்.

"பகிடி விடாதையும். தகப்பனும் இல்லை. ஆரையெண்டு விசாரிக்கிறது?"

"தாய் வெலிங்டனில இருக்கிறாவெல்லே. ஒரு ஃபோன் எடுத்துக் கதையுங்கோவன்."

"பெத்த தாயைக் கேட்டா என்ன சொல்லுவா? தங்கமான பிள்ளை எண்டுதான் சொல்லுவா."

விசாரிப்பு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசும் முன், மாப்பிள்ளையின் அல்லது பெண்ணின் ஊருக்கு ஒரு ஆளை அனுப்பி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாலு இடத்தில் கதை கொடுத்து, குடும்பம் எப்படி என்று அறிந்துவருவது. போகிற ஆள் தன்னை ஒரு துப்பறிவாளர் என்று நினைப்பார். அவர் எதற்கு வந்தார் என்பது ஊர் நாய்க்கும் தெரியும்.

என்னையும் அப்படித்தான் விசாரித்தார்கள். நெல்லியடியில் நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நிற்க, வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "பிள்ளை, இந்த ஒழுங்கையில இருக்கிற தபால்கந்தோர் மாஸ்டரின்ரை இரண்டாவது பெட்டை எப்பிடி?" என்று கேட்டார். அந்த இரண்டாவது பெட்டை நான்தான். "நல்ல பிள்ளை. கொஞ்சம் வாய்" என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்டு சொன்னது' என்று சாட்சியும் வைத்திருக்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சண்டை வந்தால் இவர், "அயலட்டை அண்டைக்கே சொன்னது, நான்தான் கேக்கேலை" என்பார்.

ஆனால் அது வடமராட்சி. இது வேல்ஸ். அங்கே போய் யார் விசாரிப்பது என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். இவருக்குப் பர்மிங்காமில் யோகன் என்று ஒரு பெரியம்மா மகன் இருக்கிறான் என்பதை அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

கை காட்டாத யோகன்

யோகன் கெட்டிக்காரன். பர்மிங்காமில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. இரகசியம் என்று சொல்லிக் கொடுத்தால், அதையும் 'இது இரகசியம்' என்று சொல்லித்தான் அடுத்த ஆளுக்குக் கொடுப்பான். அவனைத்தான் இவர் ஒற்றனாகத் தெரிவுசெய்தார்.

எனக்கு இந்தக் கதை தெரியவந்தது, ஒருநாள் காலை யோகன் இவருடைய ஃபோனுக்கு அடித்து, இவர் குளித்துக்கொண்டிருக்க நான் எடுத்தபோதுதான்.

"மச்சாள், அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, நான் அந்த ஊருக்குப் போட்டு வந்திட்டன். அருமையான சனம். ஆனா ஒரு சின்னப் பிரச்சினை."

ஸ்பீக்கரில் போட்டேன். இவர் துவாயோடு ஓடிவந்தார்.

யோகன் போன ஊரின் பெயரை இவர் அன்றைக்கு ரீசிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டு வைத்திருந்தார்; அதை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டு 'எல்'லில் தொடங்கி, மூச்சு முட்டி, ஜங்ஷன் என்று முடியும். ரயிலில் போயிருக்கிறான். இரண்டே இரண்டு பெட்டி. இறங்கினால் ஒரு பிளாட்ஃபாரம், மழை, ஈரச் செம்மறிகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு வரிசைக் கல்வீடு. ஒரு பப்பில் இருந்து ஒரு எலுமிச்சம்பழச் சோடாவை உறிஞ்சிக்கொண்டு, அங்கிருந்த கிழவரிடம் ரீசின் குடும்பப் பெயரைச் சொல்லிக் கதை கொடுத்திருக்கிறான். கிழவர் வானிலையைப் பற்றித்தான் கதைத்தாராம். ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஸ்ரேசனுக்குத் திரும்பி வந்துவிட்டான்.

அங்கேதான் பிசகியது. அந்த ஸ்ரேசனில் ரயில் தானாக நிற்காது. ஏற இருக்கிற ஆள் கையை நீட்டிக் காட்ட வேண்டும், எங்கள் ஊர் மினிபஸ்சுக்குக் காட்டுகிற மாதிரி. யோகனுக்கு அது தெரியாது. பொக்கற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றிருக்கிறான். ரயில் வந்தது, டிரைவர் அவனைப் பார்த்தார், அவன் டிரைவரைப் பார்த்தான், ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலுக்குப் பல மணி நேரம் இருந்தது. முன்வீட்டு ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்த ஒரு மனுசி, குடையோடு வந்து, "உள்ளே வந்து தேத்தண்ணி குடி" என்று கூட்டிப் போயிருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்த்தி, கடும் தேத்தண்ணியில் பால் விட்டு, பழம் போட்ட பாண் துண்டில் பட்டர் பூசிக் கொடுத்திருக்கிறார்.

வாய்க்குச் சூடாக ஏதும் விழுந்தால் யோகனுக்கு எல்லாம் வெளியே வந்துவிடும்.

"அவட்டையே விசாரிப்பம் எண்டு கேட்டனான் மச்சாள். இந்த ஊரில இருந்து நியூசிலாந்துக்குப் போன ஒருத்தர், செத்துப் போனார், அவர் எப்பிடி ஆள், குடிப்பாரோ எண்டு."

"என்ன சொன்னவ?" என்று இவர் துவாயைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"'குடிப்பான். ஆனா ஒருநாளும் வேலைக்குப் பிந்தினதில்லை. அவன் என்ரை தம்பி' எண்டு சொன்னவ அண்ணை."

இவர் துவாயோடு கதிரையில் குந்தினார்.

"எழும்பி ஓடி வந்திட்டியோ?" என்றார் இவர்.

"எங்கை ஓடுறது? ரயில் இல்லையே. பிறகு அவ என்னைக் கேக்கத் தொடங்கினா. நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

எல்லாம் என்றால் எல்லாம்தான். ஆரணிக்குத் தெரியாமல் இவர் ரொறொன்ரோ பல் வைத்தியர் ஒருவருக்கு அவளுடைய சாதகத்தை அனுப்பியது உட்பட.

சண்டை வந்த ஞாயிறு

நான் அந்த நேரம் பயந்தது அந்த மனுசிக்கு அல்ல, என் மகளுக்கு. நினைத்தபடியே, அந்த மனுசி ரீசுக்குச் சொல்ல, அது ஆரணிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கார்க் கதவு அடித்த சத்தத்தில் பின்வளவில் கிடந்த ஃபீஜோவாப் பழங்களைக் கொத்திக்கொண்டிருந்த குருவி எல்லாம் பறந்தது.

ஆரணி இங்கிலீசில்தான் சண்டை பிடிப்பாள். தமிழில் எழுதும்போது சூடு கொஞ்சம் குறைந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா, அது அவன்ரை அத்தை. அவவின்ரை செத்துப்போன தம்பி குடிகாரனோ எண்டு, அவவின்ரை குசினியிலயே ஆளை அனுப்பிக் கேட்டிருக்கிறியள்."

"ஆள் தெரியாமல் கேட்டவன்..."

"தெரிஞ்சா இன்னும் வடிவாக் கேட்டிருப்பியள். எனக்குத் தெரியாமல் ரொறொன்ரோவுக்குச் சாதகம். அவனுக்குத் தெரியாமல் வேல்ஸுக்கு ஆள். உங்களுக்கு நாங்கள் கார்கோப் பெட்டியோ?"

இவர் தன் வழக்கப்படி, மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் சொன்னார். முறை என்றார். உன்ரை நன்மைக்குத்தான் என்றார். கடைசியில், அது பிறகு எவ்வளவு கேடு செய்யும் என்று தெரியாமல், "பிள்ளை, ஊர் எண்டு ஒண்டும் இல்லாத சனம். எல்லாம் ரயில் வேலைக்கு வந்து சேர்ந்ததுகள். ஆர் ஆரெண்டு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"நாங்கள் இந்தக் கிளென் ஈடனுக்கு என்னத்துக்கு வந்தனாங்கள்? தேர் இழுக்கவோ?" என்று நான் கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆரணி கார்ச் சாவியை எடுத்தாள். "நாங்கள் ரெஜிஸ்டர் பண்ணப் போறம். அம்மா, நீங்கள் வாங்கோ. அப்பா வரத் தேவையில்லை" என்றாள். கத்திச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. மெதுவாகச் சொன்னாள்.

அதன் பிறகு எனக்கு மட்டும்தான் ஃபோன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிற மாதிரிக் காது கொடுப்பார். "சாப்பிட்டவளோ?" என்று கேட்பார். "கேக்கிறதை நீங்களே கேளுங்கோ" என்று நான் ஃபோனை நீட்டினால், எழும்பிப் போய்விடுவார். ஒரே பிள்ளையின் கலியாணத்துக்குத் தான் இல்லை என்பதை அந்த மனிதர் விழுங்கிக்கொண்டு திரிந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

வீட்டுக்குப் பின்பக்கத்தால் ரயில் போகும்போதெல்லாம், "ஜங்ஷன் போகுது" என்று சொல்லிப் பார்த்தேன். முன்பு என்றால் இரண்டு பதில் வந்திருக்கும். இப்போது ஒன்றும் வரவில்லை.

மேகன் அன்ரியின் முறை

இப்படி இருக்கும்போதுதான் ரீஸ் ஃபோன் எடுத்தான். அத்தை மேகன் எங்களோடு வீடியோவில் கதைக்க வேண்டுமாம். எல்லாரும் இருக்க வேண்டுமாம். முக்கியமாக மிஸ்டர் லிங்கம்.

"திட்டப் போறா" என்று இவர் இஸ்திரி போட்ட சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திட்டு வாங்குவதற்கும் இஸ்திரி வேண்டும் இவருக்கு.

எங்களுக்குப் பின்னேரம், அவவுக்கு விடிய. ரீஸ் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தான். ஆரணி தகப்பனைப் பார்க்காத பக்கமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் நரைத்த கட்டை மயிரோடு ஒரு முகம் வந்தது. அவர் கதைத்தது பாட்டு மாதிரி ஏறி இறங்கும் ஒரு இங்கிலீஷ். இவருக்குப் பாதி விளங்கவில்லை. எனக்கு என்னவோ அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்த மாதிரித்தான் ஞாபகம். அப்படியே எழுதுகிறேன்.

"மிஸ்டர் லிங்கம், உங்கட ஆளுக்குக் கை காட்டத் தெரியாது" என்று தொடங்கினார்.

இவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவர் விடவில்லை.

"எனக்குக் கோவம் இல்லை. தம்பியைப் பற்றி ஒருத்தர் வந்து கேட்டு எவ்வளவு காலம். இஞ்சை முதல் ஒண்டும் இருக்கேலை, சதுப்பும் ஆடும்தான். கம்பனி வந்து இரண்டு தண்டவாளத்தைச் சந்திக்க வைச்சுது. எஞ்சினுக்குத் தண்ணி விட, சிக்னல் போட, பெட்டி மாத்த ஆள் வேணும். கோர்ன்வாலில இருந்து வந்தினம், அயர்லாந்தில இருந்து வந்தினம். ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது. ஒரே தேவாலயத்தில பாட மாட்டம் எண்டு இரண்டு தேவாலயம் கட்டினதுகள், பாருங்கோ."

"எங்கட சனமும் அப்பிடித்தான்" என்றேன். ஓக்லாந்தில் எங்களுக்கு எத்தனை சங்கம் என்பதை நான் சொல்லவில்லை.

"அதால எங்கட பெண்டுகள் ஒரு முறை வைச்சிருந்தவை. வரிசை வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தா, ஆரும் ஒருத்தர் அவைக்குப் பொறுப்புச் சொல்ல வேணும். சொன்னாத்தான் தேத்தண்ணி. எங்கட பாட்டனுக்கும் ஒருத்தர் சொன்னவர். இப்ப உங்கட ஆள் விசாரிச்சிட்டுப் போட்டார். இனி என்ரை முறை. உங்கட ஊர் எது?"

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் எப்போதும் தயார். வலிகாமம் வடக்கு, கடற்கரைப் பக்கம், இன்ன கோயிலடி என்று சொன்னார். ரீஸ் திருப்பிச் சொன்னான்.

"நல்லது. அங்கை ஆரைக் கேக்கலாம்? பெயரைத் தாங்கோ. நானும் ஒரு ஆளை அனுப்பவேணும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இவரும் சிரித்துக்கொண்டு, "எங்கட வீட்டுக்குப் பக்கத்தில..." என்று தொடங்கினார். அதோடு நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பாரிசில். அதற்கு அடுத்த வீடு கனடாவில் சிதறிப்போனது. முன்வீட்டு ஆட்கள் அகதி முகாமிலேயே இறந்துபோனார்கள். சண்டைக்காலத்தில் ஒரே காலையில் எழுப்பி அனுப்பப்பட்ட ஊர் அது. பிறகு பல வருடம் ஆமி இருந்தது. இப்போது காணியை விட்டுவிட்டார்கள். போய் இருக்கத்தான் ஆள் இல்லை. கோயில் இருந்தது, குளம் இருந்தது, நாலு பழைய குடும்பம் இருந்தது. மற்றவர்களின் ஊரை எல்லாம் தோண்டித் துருவிக் கேட்ட மனிதரைப் பற்றிக் கேட்பதற்கு அவருடைய ஊரில் ஒரு சீவன் கிடையாது. இத்தனை வருடம் அவரோடு இருந்த எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"அங்கை ஒருத்தரும் இல்லை" என்றார் இவர். "கேக்கிறதுக்கு ஆள் இல்லை."

மேகன் அன்ரியின் சிரிப்பு நின்றது. "விளங்குது" என்றார். ஆனால் கேள்வியை விடவில்லை. நல்ல விசாரணைக்காரி. "அப்ப அங்கை, உங்கட பக்கத்தில, ஆர் உங்களுக்குப் பொறுப்பு?"

நான் வாயைத் திறந்தேன்.

"மனுசியைக் கேக்கிறேல்லை. மனுசிமார் ஒண்டில் கூட்டிச் சொல்லுவினம், இல்லாட்டிக் குறைச்சுச் சொல்லுவினம்."

வாயை மூடினேன். இவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆஸ்க் மீ" என்றாள் ஆரணி.

ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். தகப்பனைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அப்பா எல்லாத்துக்குள்ளயும் மூக்கை விடுவார். உலகத்தில எல்லாரும் எதையோ ஒளிக்கினம் எண்டு நினைப்பார். சொரி எண்டு சொல்லவே மாட்டார். நான் யுனிவர்சிட்டிக்குப் போன முதல் வருசம், கடைசி லெக்சர் முடிஞ்சு ரயிலால இறங்கி வரேக்கை, ஸ்ரேசனுக்கு முன்னால இருக்கிற டெய்ரிக் கடைக்குள்ள நிண்டு, பால் வாங்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு நிப்பார். நான் ரோட்டைக் கடந்து வீட்டுப் பக்கம் திரும்பின பிறகுதான் வெளியில வருவார். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு. நானும் தெரியாத மாதிரியே நடந்து வருவன். எனக்கு அது பிடிச்சிருந்தது."

அந்த வருடம் வீட்டில் குவிந்த பாலுக்கு நான் தயிர் போட்டுத் தயிர் போட்டுக் கை ஓய்ந்திருந்தேன். ஏன் மனிதர் இவ்வளவு பால் வாங்குகிறார் என்று இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது.

"எங்கையெண்டாலும் வந்து நிப்பார்" என்றாள் ஆரணி. "எங்கட கலியாணத்துக்கும் வந்து நிப்பார். அதுக்கு நான் பொறுப்பு."

மேகன் அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படபடவென்று ஏதோ சொன்னார். ரீஸ் சிரித்தான். ஆரணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"என்னவாம்?"

"விசாரிச்சாச்சாம். நல்ல குடும்பமாம். பொடியனைத் தரலாமாம்."

இவர் சேர்ட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்தார்.

"வடிவா விசாரிச்சிட்டுத்தானே சொல்லுறா?" என்றார்.